பள்ளிக்கரணை வரலாறு – வீடு வாங்கப் போகிறவர்களுக்கும் மற்றவர்களுக்கும்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. "சார், பாதியிலேயே தூங்கிட்டேன்" என்று கமெண்ட் போடுகிறவர்கள் காலையில் டீ குடித்துவிட்டுப் படிக்கவும். மற்றவர்கள் இப்போதே படிக்கலாம்.

மூன்று வாரத்துக்கு முன்பு என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். ஐந்தாம் வகுப்பில் சன்னல் ஓரமாக உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன் என்று சொன்னால் அவன் செட்டுக்காரர்களுக்குப் புரிந்துவிடும். இப்போது சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு பிள்ளைகள்.

"சார், பெரும்பாக்கம் பக்கத்துல ஒரு ஃபிளாட் பாத்திருக்கேன். பேங்க் லோன் கிடைக்கும்னு சொல்லிட்டாங்க. அட்வான்ஸ் குடுத்துட்டேன். ஒருத்தர் அது சதுப்பு நிலம்ங்கறாரு. இன்னொருத்தர் பட்டா நிலம், ஒண்ணும் ஆகாதுங்கறாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்கு ரியல் எஸ்டேட் தெரியாது. கூரை போட்ட வீட்டிலிருந்து ஓட்டு வீட்டுக்கு மாறவே எனக்கு இருபது வருஷம் ஆனது. ஆனாலும் "ரெண்டு வாரம் டைம் குடு தம்பி, படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வீட்டுப்பாடம் கொடுத்த முதல் மாணவன் அவன்தான். இரண்டு வாரம் மூன்று வாரமாகிவிட்டது. படித்ததை அவனுக்கு மட்டும் சொல்லாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன். உங்களில் எத்தனை பேர் வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் உறவுகளுக்குத் தெரியும், என் தங்கை வீடு மடிப்பாக்கத்தில். 2015 டிசம்பரில் அவள் இரண்டு நாள் மொட்டை மாடியில் இருந்தாள். அப்போது நாங்கள் எல்லோரும் ஏரியைத் திறந்தவர்களைத் திட்டினோம், மழையைத் திட்டினோம். அவள் வீடு எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்குத் தெற்கே, நகரின் நடுவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருப்பது பள்ளிக்கரணை. அதைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், கோவிலம்பாக்கம், மடிப்பாக்கம், ஒட்டியம்பாக்கம். எல்லாம் பாக்கம். பாக்கம் என்றால் கடலோரத்து ஊர் என்று தமிழ் அகராதி சொல்லும். ஊருக்குப் பெயர் வைத்தவன் அங்கே தண்ணீர் இருப்பதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறான். அந்தத் தாழ்ந்த வெளிக்குப் பழைய பெயர் கழுவெளி. இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. நம் பழைய விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் பக்கத்திலும் ஒரு கழுவெளி இருக்கிறது. 2021இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்.

கழுவெளி ஏரியும் அல்ல, வயலும் அல்ல. ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு, ஆயக்கட்டு உண்டு, அதனால் அரசாங்கப் பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டமும் உண்டு. கழுவெளிக்குக் கரை கிடையாது. மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். வரி வராத இடம். ஆகவே வருவாய்த் துறைக் கணக்கில் அது தரிசு, புறம்போக்கு.

இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "தரிசு நிலம் என்றால் என்ன? எதற்கும் பயன்படாத நிலம்." இப்படிக் கரும்பலகையில் எத்தனை வருஷம் எழுதிப் போட்டிருக்கிறேன்! நீங்களும் அப்படியே எழுதி ஒரு மார்க் வாங்கினீர்கள். அந்த விடைக்கு மார்க் போட்டது தப்பு. நானே சிவப்பு மையில் அடித்திருக்க வேண்டும்.

எதற்கும் பயன்படாத இடம் என்று எழுதிவிட்டால் அங்கே எதை வேண்டுமானாலும் கொட்டலாம், எதை வேண்டுமானாலும் கட்டலாம். 1965 வாக்கில் இந்தச் சதுப்பு நிலம் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்தது என்கிறார்கள். நம் கணக்கில் 12,000 ஏக்கருக்கும் அதிகம். ஐம்பது ஆண்டுகளில் அது சுமார் 600 ஹெக்டேருக்கு வந்துவிட்டது. அதாவது 1,500 ஏக்கர். எண்பதுகளில் பெருங்குடிப் பக்கம் மாநகராட்சி குப்பை கொட்ட ஆரம்பித்தது. பிறகு சதுப்பின் நடுவே துரைப்பாக்கம் – பல்லாவரம் சாலை போனது. பறக்கும் ரயில் வந்தது. கம்பெனிகள் வந்தன. கடலை ஆராயும் தேசிய நிறுவனமும் காற்றாலை மின்சாரத்தை ஆராயும் தேசிய நிறுவனமும் அந்தச் சதுப்பிலேயே வளாகம் கட்டிக்கொண்டன. விஞ்ஞானிகளுக்கே இடம் தெரியவில்லை என்றால் உங்களையும் என்னையும் என்ன சொல்வது.

ஆனால் அதே காலத்தில் வேறு சில பேர் அந்த இடத்தை வேறு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் பறவை பார்ப்பவர்கள். 1978இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டிக்காரர்கள் பைனாகுலரும் நோட்டுப் புத்தகமுமாகப் போய் பூநாரை, கூழைக்கடா, இலைக்கோழி என்று எழுதி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாதவர்கள் என்று மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். பின்னால் அந்த மாதிரி நோட்டுகள்தான் சாட்சி ஆயின.

அடுத்து முறையான ஆய்வு. 2000ஆம் ஆண்டில் ஜெயஸ்ரீ வெங்கடேசன், ரஞ்சித் டேனியல்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சேர்ந்து கேர் எர்த் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ரஞ்சித் டேனியல்ஸ் பறவைகளையும் தவளைகளையும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆராய்ந்தவர். ஜெயஸ்ரீ சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2002இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பள்ளிக்கரணையின் நிலையை ஆராய்ந்து சொல்லும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தது.

அவர்கள் செய்தது, நாம் நான்காம் வகுப்பில் "நமது சுற்றுப்புறம்" பாடத்தில் செய்வதுதான். என்ன இருக்கிறது என்று எண்ணுவது. ஆனால் ஒரு நாள் எண்ணினால் போதாது. மழையில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை, செடி தனி, மீன் தனி, பாம்பு தனி. இப்படி எண்ணி எண்ணி வந்த பட்டியலைப் பிற்காலத்தில் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். தாவரம் 114, பறவை 115, மீன் 46, ஊர்வன 21, பாலூட்டி 10, தவளை தேரை வகை 10, நத்தை சிப்பி வகை 9, வண்ணத்துப்பூச்சி 7, நண்டு இறால் வகை 5. கூட்டிப் பாருங்கள், 337 வரும். (கூட்டிப் பார்த்துவிட்டேன். பழக்கம்.)

ஒன்றுக்கும் பயன்படாத இடத்தில் 337 வகை உயிர்.

ஆனால் பறவைக் கணக்கை மட்டும் வைத்து நகரத்துக்காரரை நம்ப வைக்க முடியாது. "குருவி வேண்டுமா, வீடு வேண்டுமா?" என்று ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார்கள். ஆய்வாளர்கள் அத்தோடு நிற்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இந்தச் சதுப்புக்குத்தான் வருகிறது. சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழைக்கு இதுதான் வடிகால். வெளியே போக ஒரே வாய், ஒக்கியம் மடுவு. அதன் வழியாகப் பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் கழிமுகம், பிறகு கடல். கல்யாண வீட்டு அண்டாவுக்குச் சின்ன ஓட்டை போட்ட மாதிரி. அண்டா பெரிதாக இருக்கும்வரை ஓட்டை சின்னதாக இருந்தால் பரவாயில்லை.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். பேனா எடுங்கள்.

250 சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர்? 25 லட்சம் கன மீட்டர். அதாவது 250 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டு லட்சத்துக்கு மேல் வேண்டும். ஒரே ஒரு சென்டிமீட்டருக்கு!

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். நம் மலைத் தண்ணீர் போய்ச் சேரும் கோமுகி அணையின் முழுக் கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. அந்த 250 சதுர கிலோமீட்டரில் ஆறரை சென்டிமீட்டர் மழை பெய்தால் கோமுகி அணை அளவு தண்ணீர் வந்துவிடும். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 சென்டிமீட்டர்.

இப்போது அண்டாவுக்கு வருவோம். 10 சென்டிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தண்ணீரும் வராது, ஏரிகள் கொஞ்சம் பிடிக்கும், மண் கொஞ்சம் குடிக்கும். பாதிதான் வருகிறது என்று வைப்போம். பழைய 5,000 ஹெக்டேர் கழுவெளியில் அந்தத் தண்ணீர் பரவினால் உயரம் 25 சென்டிமீட்டர். கெண்டைக்கால் அளவு. இன்றைய 600 ஹெக்டேரில் அதே தண்ணீர் நின்றால்? இரண்டு மீட்டர். என் தலைக்கு மேலே. ஆனால் தண்ணீர் அப்படிக் கோபுரம் போல நிற்காது இல்லையா? அது பழைய இடத்தைத் தேடிப் பக்கத்துத் தெருவுக்குள் போகும். என் தங்கை வீட்டுக்கு வந்தது வெள்ளம் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் தண்ணீர் தன் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. (தங்கையிடம் இதைச் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.)

இது சுமாரான கணக்குதான். நீரியல் படித்தவர்கள் சரிவு, ஒக்கியம் மடுவில் வெளியேறும் வேகம், கடலின் ஏற்றவற்றம் எல்லாம் சேர்த்துப் போடுவார்கள். ஆனால் ஐந்தாம் வகுப்புக் கணக்கே இவ்வளவு சொல்கிறது.

தண்ணீரைப் போலவே குப்பைக்கும் ஒரு ஆய்வு நடந்தது. பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜப்பானில் எஹிமே பல்கலைக்கழகம் என்று ஒன்று. அங்கே ஷின்சுகே தனாபே என்ற பேராசிரியரின் குழுவினர் ஆசிய நாடுகளின் குப்பைக் கிடங்குகளை ஆராய்ந்தார்கள். கம்போடியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், இந்தியா. இந்தியாவில் எடுத்துக்கொண்டது பெருங்குடி. பரங்கிப்பேட்டையில் இருக்கிறதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், அந்த ஆய்வில் அவர்களுக்கும் பங்கு உண்டு. 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் முடிவுகள் வெளிவந்தன.

குப்பை எரியும்போது டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. முக்கியமாக பி.வி.சி. மாதிரி பிளாஸ்டிக் எரியும்போது. அது புகையாகப் போய் மறைந்துவிடாது. மண்ணில் படியும். தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பெருங்குடிக் கிடங்கு மண்ணில் அது அதிகம் இருந்தது. அதுகூட எதிர்பார்த்ததுதான். கிடங்கைச் சுற்றி வாழ்ந்த தாய்மார்களின் பாலைச் சோதித்தார்கள். தூரத்தில் வாழும் தாய்மார்களைவிட அதிகம் இருந்தது. இவர்கள் குப்பை தின்னவில்லையே, எப்படி வந்தது? அடுத்ததாக மாட்டுப் பாலைச் சோதித்தார்கள். அதிலும் இருந்தது. குப்பைமேட்டில் மேய்ந்த மாடு, அதன் பால், அதைக் குடித்த தாய், அவள் குழந்தை. பாலின் கொழுப்பில் அது வண்டி ஏறி வந்திருக்கிறது.

நம் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் எங்கோ எரிந்த பிளாஸ்டிக் பைக்கும் நடுவே இத்தனை படிகள். ஒவ்வொரு படியாக ஏறிப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். இதைப் படித்துவிட்டு யாரும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது குப்பை எரிப்பதை. வெள்ளிமலை பஸ் ஸ்டாண்ட் பின்புறம் சாயங்காலம் எரிக்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நானும் ஓய்வு பெற்ற புதிதில் தோட்டத்தில் பால் கவர்களைக் கொளுத்தியவன்தான்.

ஆய்வுகள் வந்தன, குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்தன, வழக்குகள் நடந்தன. 2007இல் சதுப்பின் 317 ஹெக்டேரைக் காப்புக் காடாக அரசு அறிவித்தது. மரமே இல்லாத இடம் காப்புக் காடு ஆனது பலருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். கோரையும் சம்பும்தான் அங்கே காடு. பின்னர் இன்னும் கொஞ்சம் சேர்ந்து இப்போது சுமார் 700 ஹெக்டேர் வனத்துறையிடம் இருக்கிறது.

இது பள்ளிக்கரணைக்கு மட்டும் நடந்த கதை அல்ல. கல்கத்தாவின் கிழக்கே ஒரு பெரிய சதுப்பு. எண்பதுகளில் துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர் நகரத்தின் சாக்கடை கடைசியில் எங்கே போகிறது என்று கால்வாயோடு நடந்து போய்ப் பார்த்தார். சுத்திகரிப்பு நிலையம் எதுவும் இல்லை. மீன்பண்ணைகள் இருந்தன. மீனவர்கள் சாக்கடைத் தண்ணீரை ஆழமில்லாத குட்டைகளில் அளவாக விட்டு, வெயிலும் பாசியும் அதைத் தெளிய வைக்கக் காத்திருந்து, அதில் மீன் வளர்த்தார்கள். மிச்சத் தண்ணீரில் நெல், காய்கறி. நகரம் ஒரு காசு செலவழிக்காமல் அதன் கழிவு சுத்தமாகிக்கொண்டிருந்தது. படிக்காத மீனவர்களிடம் தான் படித்ததாகவே கோஷ் கடைசிவரை சொன்னார். அவர் வரைந்து கொடுத்த வரைபடம் நீதிமன்றத்தில் உதவியது. 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அங்கே நிலத்தின் பயன்பாட்டை மாற்றத் தடை விதித்தது. 2002இல் 12,500 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கோஷ் 2018இல் காலமானார்.

ராம்சர் என்பது ஈரான் நாட்டு ஊர். 1971இல் ஈரநிலங்களைக் காக்க அங்கே ஒரு சர்வதேச ஒப்பந்தம் ஆனது. கல்கத்தாவுக்கு இருபது ஆண்டு கழித்து, 2022 ஏப்ரல் 8ஆம் தேதியிட்டு, பள்ளிக்கரணையும் அந்தப் பட்டியலில் ஏறியது. பரப்பு 1,247.54 ஹெக்டேர். அதே ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்து நாள் கணக்கில் புகைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2025இல் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு ராம்சர் விருது கிடைத்தது. இந்தியாவிலிருந்து முதல் ஆள். மகிழ்ச்சியான செய்தி, தினசரிகளில் ஒரு நாள் படமும் வந்தது.

சரி, ஃபிளாட் விஷயம். மேலே இரண்டு எண் சொன்னேன், கவனித்தீர்களா? வனத்துறையிடம் சுமார் 700 ஹெக்டேர். ராம்சர் பட்டியலில் சுமார் 1,248 ஹெக்டேர். மீதி 550 ஹெக்டேர் சொச்சம் எங்கே? இங்கேதான் இன்றைய சண்டை எல்லாம். பட்டியலில் பரப்பு ஏறிவிட்டது. ஆனால் அது எந்தக் கிராமத்தில் எந்தெந்த சர்வே எண் என்று தரையில் குறித்து முடிக்கவில்லை. அந்த இடைவெளியில் அடுக்குமாடிகள் எழும்பின. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பைச் சுற்றி எது வரை அதன் பாதிப்புப் பகுதி என்று அறிவியல் முறையில் வரையறுக்கும் வரை ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்று சொன்னது. அளந்து சொல்லும் வேலை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள தேசிய நிலைத்த கடற்கரை மேலாண்மை மையத்திடம். வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்கும் போயின. வீடு கட்டப் பணம் போட்ட நடுத்தரக் குடும்பங்கள் அனுமதி கிடைக்காமல் தவிப்பதும் உண்மை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அளவுக் கல்லை முதலில் நட்டுவிட்டுப் பிறகு வீடு கட்டியிருந்தால் இரண்டு பக்கமும் அழ வேண்டியதில்லை.

கல்வராயன் மலைக்காரர்களுக்கு இது புரிவதற்கு விளக்கமே தேவையில்லை. 1976இல் ஜாகீர் ஒழியும்வரை இந்த மலையில் மூன்று ஜாகீர்தார்கள் வைத்ததுதான் சட்டம். உங்கள் பாட்டன்மார் சாமையும் தினையும் விதைத்த நிலம் அரசாங்க ஏட்டில் அவர்கள் பெயரில் இல்லை. இருந்தும் இல்லாத நிலம். பதிவேட்டில் ஒரு வரி இல்லாததற்கு என்ன விலை என்று பட்டாவுக்கு அலைந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். அங்கே மனிதர்கள் ஏட்டில் ஏறாமல் கஷ்டப்பட்டார்கள். பள்ளிக்கரணையில் தண்ணீர் ஏட்டில் ஏறவில்லை. தண்ணீர் மனு கொடுக்காது. ஆய்வாளர்கள்தான் அதற்காக மனு எழுதுகிறவர்கள்.

இன்னொன்றும் சொல்லாமல் விட மனம் இல்லை. பெரும்பாக்கத்தில் ஃபிளாட் மட்டும் இல்லை. அரசு கட்டிய எட்டு மாடி அடுக்குகளும் இருக்கின்றன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்று ஓரத்திலும் கூவத்தின் ஓரத்திலும் குடிசை போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை, ஆற்றோரம் ஆபத்து என்று சொல்லி, அங்கே குடிவைத்தார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றிக் கழுவெளி ஓரத்தில் இறக்கியிருக்கிறார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் இருபது கிலோமீட்டர் பயணம் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது அந்தப் பக்கம் எல்லாம் தண்ணீர். என் மாணவனுக்காவது போன் செய்து கேட்க ஒரு வாத்தியார் இருந்தார், வேண்டாம் என்று சொல்லும் வசதியும் இருக்கிறது. அவர்களை யாரும் கேட்கவில்லை. சதுப்பை அளக்கிற ஆய்வாளர்கள் ஒரு நாள் அந்த அடுக்குகளின் தரைத் தளத்தையும் அளக்க வேண்டும் என்பது என் ஆசை.

தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். வாங்கு, வாங்காதே என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. முதலில் அந்த மனையின் சர்வே எண்ணை வாங்கு, பட்டாவை மட்டும் பார்க்காதே, பட்டா இருந்தால் தண்ணீர் வராது என்று அர்த்தமில்லை. பழைய சர்வே வரைபடத்தில் அந்த எண் என்னவாக இருந்தது என்று பார். அந்த இடம் ஒரு கிலோமீட்டருக்குள் வருகிறதா, சிஎம்டிஏ அனுமதி எந்தத் தேதியில் கொடுத்தது என்று ஒரு வக்கீலிடம் காட்டு. அப்புறம் புரோக்கர் இல்லாமல் தனியாகப் போ. மழை பெய்த மறுநாள் போ. தெருமுனை மளிகைக் கடைக்காரரிடமும் இஸ்திரி போடுகிறவரிடமும் 2015இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேள். அவர்கள் கையைக் காட்டுவார்கள், இடுப்பா, மார்பா என்று.

முந்தாநாள் போய் வந்திருக்கிறான். "சார், இஸ்திரிக்காரர் கையை மேல தூக்கிக் காட்டுனாரு" என்றான். அட்வான்ஸ் பணம் திரும்ப வருமா என்று தெரியவில்லை. வீட்டுக்காரம்மாவுக்கு வருத்தம். பிள்ளைகள் பால்கனியில் எங்கே செடி வைப்பது என்றுகூடப் பேசி வைத்திருந்தார்களாம். எனக்கும் அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

கடைசியாக உங்களிடம் ஒரு வேலை. தென்சென்னையில் இருக்கும் நம் பிள்ளைகளும் உறவுகளும் கமெண்ட்டில் எழுதுங்கள். எந்தப் பகுதி (வீட்டு எண் வேண்டாம், தெரு இருந்தால் போதும்), எந்த வருஷம், தண்ணீர் வடிந்த பிறகு தரைத் தளச் சுவரில் கறை எத்தனை அடியில் நின்றது. 2005, 2015, 2023 மூன்றில் எது தெரிந்தாலும் சரி. ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். பறவை பார்த்தவர்கள் வைத்த நோட்டு மாதிரி இதுவும் யாருக்காவது உதவலாம்.

நானே ஆரம்பிக்கிறேன். மடிப்பாக்கம், தங்கை வீடு. 2015இல் மூன்றே முக்கால் அடி. 2023இல் ஒன்றரை அடி. 2005இல் அந்த வீடு கட்டவில்லை, காலி மனை. பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்போது அங்கே கோரைதான் இருந்தது என்கிறார்.